காய்ச்சல் விட்ட பிறகும் ஓர் எஃப்.பி.சி.

மாரி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கும் தலைகாட்டும். காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தாலே எஃப்.பி.சி. என்ற முழுக் குருதி எண்ணிக்கைச் சோதனை செய்வது இன்று எல்லோருக்கும் பழகிப்போன காரியம். முடிவுத் துண்டு கைக்கு வந்ததும் தேடுவது ஒரே வரியைத்தான்: குருதிச் சிறுதட்டு எவ்வளவு? குறைந்திருந்தால் டெங்கு என்றே முடிவாகிவிடுகிறது.

இரத்தப் புற்றுநோயிலும் சிறுதட்டு குறையும். வித்தியாசம் மற்ற வரிகளில் இருக்கிறது. டெங்கு கடுமையானால் நாளங்களிலிருந்து நீர் கசிந்து குருதி தடிக்கும், பி.சி.வி. (குருதியில் செங்குழியங்களின் பங்கு) ஏறும். இரத்தப்போக்கு இல்லாதவரை ஈமோகுளோபின் பொதுவாக இறங்காது. இரத்தப் புற்றுநோய்களில் ஒன்றான லுக்கேமியாவில் என்பு மச்சையையே புற்றுக் கலங்கள் பிடித்துக்கொள்வதால் சிறுதட்டோடு ஈமோகுளோபினும் இறங்கும். வெண்குழியம் மிக ஏறலாம், குறையவும் செய்யலாம்.

டெங்கில் விழுந்த எண்ணிக்கை, காய்ச்சல் விட்டு ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் சீராகிவிடும். சீராகாவிட்டால் ‘பிளட் பிக்சர்’ கட்டாயம். ஒரு துளி குருதியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் சோதனை அது. இயந்திரம் எண்ணித் தரும். லுக்கேமியாவின் முதிராத கலத்தை இனங்காண்பது பழகிய கண்.

காய்ச்சலே இல்லாமலும் இரத்தப் புற்றுநோய் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பிள்ளை வெளிறிப்போவது, அடிபடாமலே உடம்பில் கண்டல் வருவது, முழங்காலுக்குக் கீழே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவது. தெளிந்த கண்ணாடிக் குவளையால் அமர்த்திப் பாருங்கள். புள்ளி மறையாவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கழுத்தில் நோவில்லாமல் நெறி கட்டி வாரக்கணக்கில் வற்றாமல் நின்றால் காசநோயோடு நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவையும் நினைக்கவேண்டும். காரணம் தெரியுமுன் ஸ்டீரொய்ட் கொடுத்தால் நெறி தற்காலிகமாகச் சுருங்கி நோயை மறைத்துவிடும். அறுபது தாண்டியவருக்கு முதுகுவலி விடாமலிருந்து ஈமோகுளோபினும் குறைந்தால் அதை வயதின் தலையில் கட்டக்கூடாது, என்பு மச்சைப் புற்றுநோயான மயலோமாவாக இருக்கலாம்.

சிகிச்சைக்கு யாழ். போதனா வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் இலங்கையின் தென்முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையும் இருக்கிறது. அங்கே அனுப்பும் முதற்கை ஊர் டொக்டருடையது. இறங்கிய எண்ணிக்கை ஏறிவிட்டதைக் காணும்வரை அவர் கணக்கை மூடக்கூடாது. நோயாளரும் பழைய துண்டுகளை எறியாமல் ஒரே கோப்பில் வைத்துக் கொண்டுபோகவேண்டும். மூன்று துண்டுகளை வரிசையாக வைத்தால்தான் எண்ணிக்கை எந்தப் பக்கம் போகிறதென்று தெரியும்.