விமானம் ரத்தா? அவசரப்பட்டு ‘சரி’ சொல்லாதீர்கள்!

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை விமானம். அன்று மதியம் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி: ‘உங்கள் விமானம் ரத்து. நாளை மதிய விமானத்துக்கு மாற்றியுள்ளோம். ஏற்க இங்கே தொடவும்.’

முகூர்த்தமோ காலை ஆறு மணிக்கு! ஆனாலும், ‘அவர்கள் கொடுப்பதைத்தானே வாங்கிக்கொள்ள முடியும்’ என்று நினைத்து, பதற்றத்தில் பட்டனைத் தட்டிவிடுகிறவர்களே அதிகம்.

விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் விதி வேறு மாதிரி சொல்கிறது. விமானம் ரத்தானால் மாற்று விமானமா, முழுப் பணமா என்று முடிவு செய்ய வேண்டியவர் பயணிதான். நாளை மதிய விமானம் பயன்படாது என்றால், பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ரயிலிலோ வேறு விமானத்திலோ கிளம்பலாம். அந்தப் பணத்தையும் ‘அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கிறோம்’ என்று நிறுவனமே முடிவு செய்துவிட முடியாது. அதற்குப் பயணி சம்மதிக்க வேண்டும்.

ரத்து பற்றி 24 மணி நேரத்துக்கு முன்பாவது தெரிவிக்கவில்லை என்றால் இழப்பீடும் உண்டு. பயண நேரத்தைப் பொறுத்து அதிகபட்சம் 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். புயல், மூடுபனி போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. ஆனால், ரத்தான டிக்கெட்டின் பணத்தைக் கேட்கும் உரிமை அப்போதும் போகாது.

தாமதத்துக்கும் கணக்கு இருக்கிறது. காரணம் நிறுவனத்தின் பக்கம் இருந்து, பயணி நேரத்துக்கு செக்-இன் செய்திருந்தால், சென்னை - மதுரை போன்ற குறுகிய பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதத்திலேயே சாப்பாடு தர வேண்டும். சென்னை - டெல்லி என்றால் 3 மணி நேரம். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் அறையும் உண்டு.

இவையெல்லாம் கைக்குக் கிடைக்க, டிக்கெட் எடுக்கும்போதே இரண்டு விஷயங்களில் கவனம் தேவை.

முதலாவது, செல்போன் எண். ஏஜென்ட் மூலம் எடுக்கும் டிக்கெட்டில் பல நேரம் அவருடைய எண்தான் பதிவாகியிருக்கும். ரத்துச் செய்தி அவருக்குப் போய்விடும். தொடர்பு எண் தராத பயணிக்கு இழப்பீடும் கிடையாது. ஊரிலிருந்து தனியாக வரும் அம்மா, அப்பாவுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

இரண்டாவது, இணைப்பு விமானம். இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு நிறுவனத்தின் பொறுப்பு. ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக எடுத்தால், இரண்டாவது டிக்கெட்டின் நஷ்டம் பயணியின் தலையில்தான்.

கவுன்ட்டரில் கேட்டும் பதில் இல்லையென்றால், மத்திய அரசின் ‘ஏர்சேவா’ செயலியில் புகார் செய்யலாம். வந்த குறுஞ்செய்தியையும் போர்டிங் பாஸையும் மட்டும் அழித்துவிட வேண்டாம். அவைதான் சாட்சி.