பத்து நிமிடத்துக்கு ஒரு பாட்டு



இந்த இதழின் வேலைக்காகப் பழைய ஹிப்-ஹாப் ஆல்பங்களை மறுபடி எடுத்துக் கேட்டேன். (அலுவலக வேலை என்று சொல்லிக்கொண்டு பாட்டுக் கேட்பது தனிச் சுகம்.) ராப் பாடகர் நாஸின் ‘இல்மேட்டிக்’கில் தொடங்கினேன். 1994-ல் வந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த நாஸுக்கு அப்போது 20 வயது. முன்னுரையோடு சேர்த்துப் பத்தே தடங்கள்; முழுதும் கேட்க 40 நிமிடம்கூட ஆகாது. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று யோசித்துக் கோத்த மாலை அது.

அந்த மாலையைத்தான் இணையம் அறுத்தது. நாஸின் ‘ஐ ஆம்’ முதலில் இரட்டை ஆல்பமாக வரவேண்டியது. பாடல்கள் எம்பி3 கோப்புகளாக முன்பே கசிந்துவிட, திட்டத்தை மாற்றி 1999 ஏப்ரலில் ஒற்றை ஆல்பமாக வெளியிட்டார்கள். இணையத்தில் பாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் அப்போது வரவே இல்லை!

அது வந்தது அந்த ஜூனில். உருவாக்கிய ஷான் ஃபானிங் கல்லூரியைப் பாதியில் விட்ட 18 வயதுப் பையன். நாப்ஸ்டரின் சர்வரில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும்தான். பாட்டு ஒருவர் கணினியிலிருந்து நேரே இன்னொருவர் கணினிக்குப் போகும். தொலைபேசி வழியான அன்றைய டயல்-அப் இணைப்பில் நாலு நிமிடப் பாட்டு இறங்கப் பத்து நிமிடத்துக்குக் குறையாது. வீட்டில் யாராவது போனை எடுத்தால் அத்தோடு போச்சு. இறங்கிய பிறகு பார்த்தால் வேறு யாரோ பாடியிருப்பார்கள்.

பாட்டுகள் இப்படி இலவசமாகப் பரவுவதை எதிர்த்து 2000 ஏப்ரலில் ராப் பாடகர் டாக்டர் ட்ரே நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்டார். பப்ளிக் எனிமி என்ற ஹிப்-ஹாப் குழுவின் சக் டி நேர் எதிராக நின்றார். அவர்கள் முந்தைய ஆண்டே ஒரு முழு ஆல்பத்தை இணையத்தில் இறக்கிக்கொள்ள வைத்தவர்கள். நாப்ஸ்டரைப் புது வகை வானொலியாகப் பாருங்கள் என்று சக் டி வாதாடினார். அன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் பக்கம். இன்று நம் இதழ் கடைக்குப் போன மறுநாளே பிடிஎஃப்பாகக் கைபேசிக் குழுக்களில் சுற்றுகிறது. ட்ரேயின் கோபம் இப்போது கொஞ்சம் புரிகிறது.

2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது. மறு ஆண்டு, முன்பு கசிந்த ‘ஐ ஆம்’ பாடல்களில் சிலதையும் வெளிவராத வேறு பாட்டுகளையும் சேர்த்து ‘தி லாஸ்ட் டேப்ஸ்’ என்று நாஸின் பெயரில் ஓர் ஆல்பம் வந்தது. பெரிய விருந்தாளிகள் இல்லை, வானொலிக்கென்று செய்த மினுக்கல் இல்லை. ‘ஐ ஆம்’மைவிட இதுதான் எனக்கு நெருக்கம். ‘இல்மேட்டிக்’குக்கு நிகர் என்றே சொல்பவர்களும் உண்டு. அந்த அளவுக்கு நான் போகமாட்டேன்.

நீங்கள் எந்தக் கட்சி? எழுதுங்கள். பிடிஎஃப்பில் படிக்கிறவர்களும் எழுதலாம், கோபமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்