வயித்துக்குள்ள ஒரு காரமடை

"நேரத்துக்குத் திங்காம இருந்தா அல்சர் வராம வேற என்ன கண்ணு வரும்?"

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராண்டாவுல என் ரூம்மேட்டோட அம்மா அழுதுக்கிட்டே கேட்டாங்க. அவன் தலை குனிஞ்சான். நான் அதைவிடக் கீழ குனிஞ்சேன். ஏன்னா, மூணு வாரமா அவன் முட்டிவலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல காலைச் சாப்பாட்டை விடுறவங்க நம்ம கிளாஸ்லயே எத்தனை பேர்! எல்லாருக்கும் அல்சர் வந்துடுச்சா? இல்லையே. அப்புறம் ஏன் பழியை எல்லாம் பசி மேலயும் மெஸ் குழம்பு மேலயும் போடுறோம்?

இரைப்பையில சுரக்குறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதோட பி.எச். 1, 2 வரைக்கும் இறங்கும். கறியையே கரைக்கிற வயிறு தன்னையே ஏன் கரைச்சுக்கல? உள்சுவர் மேல வழவழன்னு ஒரு சளிப்படலம் இருக்கு. அதுக்குள்ள செல்கள் பைகார்பனேட்டை விட்டுக்கிட்டே இருக்கு. அது ஒரு காரம். மிளகாய்க் காரம் இல்லீங்க, கெமிஸ்ட்ரி காரம்! அதனால சுவரை ஒட்டி பி.எச். 7 பக்கத்துலயே நிக்குது. மேல்செல்களும் சில நாளுக்கொருமுறை புதுசாகுது. நம்ம ஊருக்குப் பேர் வந்த கதை வேற. ஆனா வயித்துக்குள்ள நிஜமாவே ஒரு காரமடை பாயுது.

இந்த மடையைத் திறந்து வெக்கிறது புரோஸ்டாகிளாண்டின். வலியைக் கூட்டுறதுலயும் அதுக்குப் பங்கு உண்டு. டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எல்லாம் அதோட உற்பத்தியை அடக்கித்தான் வலியைக் குறைக்குது. முட்டிவலி குறையுற அதே நேரத்துல வயித்துல மடையும் அடைபடுது. "சாப்பிட்டுட்டுத்தானே போட்டேன்"னு நிம்மதியா இருக்க முடியாது. ரத்தம் வழியாவும் இது நடக்கும். ஊசியாப் போட்டாலும் ஆபத்து உண்டு.

இன்னொரு எதிரி ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி. அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுத்தி அமிலத்தைத் தணிச்சுக்கிட்டு சளிப்படலத்துக்குள்ள குடியேறிடும். ஆஸ்திரேலியாவுல ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இதைச் சொன்னப்போ பலர் நம்பல. 1984-ல மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சு, இரைப்பை அழற்சியை வரவழைச்சுக் காட்டினார். 2005-ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு.

அப்போ சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லையா? அப்படியும் சொல்லல. மைசூர்ல மிஷன் ஆஸ்பத்திரியில வேலை பார்த்த அறுவை மருத்துவர் பிராங்க் டோவி, இந்தியாவுல அரிசி முக்கிய உணவா இருக்கிற பகுதிகள்ல குடல்புண் அதிகம், தீட்டாத கோதுமையும் சிலவகைச் சிறுதானியமும் சாப்பிடுற பகுதிகள்ல குறைவுன்னு எழுதியிருக்கார். நம்ம அம்மிச்சி கரைச்ச கம்மங்கூழை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனா கூழ் குடிச்சா கிருமி சாகாது. அதுக்கு டாக்டர் தர்ற ஆன்டிபயாட்டிக்கை முழுசா முடிக்கணும்.

என் ஆதங்கம் இதுதான். "ஒழுங்காச் சாப்பிடல"ன்னு திட்டினதோட விசாரணை முடிஞ்சுடுது. என்ன மாத்திரை போட்டேன்னு யாரும் கேக்குறதில்ல. டைக்ளோபினாக்கை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. எங்கிட்ட ஒரு கடையிலயும் சீட்டு கேக்கல. நானும் பெருமையா வாங்கிட்டு வந்தேன். அவன் வயிறு எரிஞ்சப்போ "கேஸ்டா"ன்னு இன்னொரு மாத்திரையும் கொடுத்தேன். எரிச்சல் அடங்குச்சு, புண் அடங்கல. கருப்பா மலம் போனதை வெக்கப்பட்டு அவன் சொல்லல. கடைசியில பஸ் ஸ்டாண்டுல மயங்கி விழுந்தான்.

தார் மாதிரி கருப்பா மலம் போனாலோ, காப்பித்தூள் மாதிரி வாந்தி வந்தாலோ கேஸ்னு உக்காந்திருக்காதீங்க. அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வலி மாத்திரையை ஃப்ரெண்டுக்கு மிட்டாய் மாதிரி நீட்டாதீங்க.

டெஸ்ட்ல அவனுக்குக் கிருமி இல்ல. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "என்ன மாத்திரை போட்டே?"ங்கிறதுதான். அதுக்கப்புறம் அவங்க அம்மாகிட்ட நடந்ததைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "நீயும் இனிமே போடாத சாமி"ன்னாங்க.