மொராக்கோ ரெசிப்பி தேடினேன்... பாட்டியின் ஜாடி நிறைந்தது!

“மொராக்கோன்னா எங்கேடி இருக்கு?”

ஸ்ரீரங்கம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனில் ரெசிப்பி பார்த்துக்கொண்டிருந்தேன். கூம்பு மூடி போட்ட மண்சட்டி ஒன்று திரையில் வந்ததும், பக்கத்தில் இருந்த பாட்டி எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“ஆப்பிரிக்காவோட வடமேற்கு மூலையில பாட்டி. நடுவுல கொஞ்சம் கடல், தாண்டினா ஸ்பெயின்.”

“அவ்வளவு தூரத்துச் சமையலை இங்கே எதுக்குப் பண்ணணும்? ஒழுங்கா ஒரு மோர்க்குழம்பு வைக்கத் தெரியுமா உனக்கு?”

நியாயமான கேள்வி. அப்போது என்னிடம் பதில் இல்லை.

இந்த வாரம் மொராக்கோவின் பாரம்பரிய உணவுகளில், நம் வீட்டு அடுப்பிலேயே செய்து பார்க்கக்கூடிய சிலவற்றைப் பார்க்கலாம். ஹோட்டலைத் தேடி அலைய வேண்டாம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் கிடைக்கும் காய்கறியும் மளிகையும் பெரும்பாலும் போதும்.

ஹரீரா: நோன்புக் கஞ்சிக்குச் சொந்தம்

ரமலான் மாதத்தில் மொராக்கோ வீடுகளில் நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழத்தோடு மேஜைக்கு வருவது ஹரீரா. தக்காளி, கொண்டைக்கடலை, மசூர் பருப்பு, வெங்காயம், இஞ்சி, மிளகு, பட்டை, நிறைய கொத்தமல்லித்தழை எல்லாம் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடைசியில் கரைத்த மாவை ஊற்றிக் கெட்டியாக்கும் சூப். இறைச்சி போட்டும் செய்வார்கள், போடாமலும் செய்யலாம்.

படித்ததும் திருச்சிக்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நோன்புக் கஞ்சிதான். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா, தேங்காய்ப்பால். ரமலான் மாலைகளில் பள்ளிவாசல் வாசல்களில் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். அந்த வரிசையில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். இந்தக் கஞ்சிக்காகத் தமிழக அரசு ஒவ்வொரு ரமலானுக்கும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குகிறது. நாள் முழுக்க வெறும் வயிற்றோடு இருந்தவருக்கு முதலில் சூடாக, நீர்க்க, பருப்புச் சத்தோடு ஒன்று உள்ளே போக வேண்டும். அதற்கு அங்கே மாவு, இங்கே நொய்.

பாலக்கரையில் இருக்கும் என் தோழியின் அம்மா, கறி சேர்க்காத கஞ்சியை வருஷம் தவறாமல் எங்களுக்குக் கொடுத்தனுப்புவார். பாட்டி வெளியில் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் பாட்டிக்குக் கிடையாது. தூக்குவாளியைக் கழுவித் துடைத்து, அதில் நாலு துண்டு உப்பு நார்த்தங்காய் போட்டுத்தான் அனுப்புவார். கஞ்சிக்கு அதைவிடத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை என்பார் தோழியின் அம்மா. கடந்த இரண்டு வருஷமாக வாளியில் வெறும் சர்க்கரைதான் திரும்பிப் போகிறது. பாட்டியின் மணிக்கட்டில் வலி. கத்தி பிடித்து நார்த்தங்காய் நறுக்க முடியவில்லை. “இந்தத் தடவையும் பாட்டி நார்த்தங்காய் போடலையா?” என்று அவர் கேட்டதற்கு, “கடையில வாங்கித் தரட்டுமா?” என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

கூஸ்கூஸ்: வெள்ளிக்கிழமைத் தட்டு

மொராக்கோ என்றதும் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர். கோதுமை ரவையில் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி உருட்டிக் குட்டிக் குட்டி மணிகளாக்குவார்கள். கீழ்ப் பாத்திரத்தில் காய்கறியும் இறைச்சியும் கொதிக்கும். மேலே துளை போட்ட பாத்திரத்தில், அந்த ஆவியிலேயே கூஸ்கூஸ் வேகும். ஒரு தடவை வெந்ததும் வெளியே கொட்டி, தண்ணீர் தெளித்து, கையால் உதிர்த்து, மறுபடி ஆவிக்கு அனுப்புவார்கள். இப்படி இரண்டு மூன்று முறை நடக்கும்.

புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. அதிகத் தண்ணீர் விட்டால் கட்டி, குறைந்தால் வறட்டு மாவு. கைக்குத்தான் பதம் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குப் பிறகு குடும்பம் முழுக்க ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். கூஸ்கூஸைத் தயாரித்து உண்ணும் மரபை 2020-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, மௌரித்தேனியா என்று நான்கு நாடுகள் சேர்ந்து இதற்கு விண்ணப்பித்தன. அரசியலில் ஒத்துப்போகாத அண்டை நாடுகளும் இந்தத் தட்டில் ஒன்றாகக் கைவைத்தன.

வீட்டில் செய்ய: சம்பா கோதுமை ரவையை லேசாக வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, இட்லித் தட்டில் துணி போட்டு இரண்டு முறை ஆவியில் வேகவையுங்கள். அசல் கூஸ்கூஸ் ஆகாது. ஆனால் கேரட், பூசணி, முட்டைகோஸ், கொண்டைக்கடலை போட்ட நீர்த்த குழம்பை மேலே ஊற்றினால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு அருமை.

தாஜின்: மண்சட்டி ரகசியம்

சட்டிக்கும் தாஜின் என்றுதான் பெயர், அதில் செய்யும் குழம்புக்கும் அதே பெயர்தான். கூம்பு மூடி அழகுக்கு வைத்ததல்ல. மேலே போகும் ஆவி மூடியில் பட்டு, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகச் சட்டிக்கே திரும்புகிறது. அதனால் கொஞ்சம் தண்ணீரே போதும். தீ சிறியதாக, நேரம் நிறைய. கோழியோடு உப்பில் ஊறிய எலுமிச்சையும் ஆலிவும் சேர்த்துச் செய்வது பிரபலமான வகை.

நம் மண்சட்டியில் கனமான மூடி போட்டு, சிறு தீயில் உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, இஞ்சி, மஞ்சள்தூள், மிளகுத்தூள் போட்டுச் செய்து பாருங்கள். நடுவில் திறந்து கிளற வேண்டாம். சைவ தாஜின் தயார்.

மஸெம்மன்: பாட்டி ஒப்புக்கொண்ட ரொட்டி

மைதாவும் ரவையும் சேர்த்துப் பிசைந்த மாவை, எண்ணெய் தொட்ட கையால் கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் பரப்பி, வெண்ணெய் தடவி, நான்கு பக்கமும் மடித்துச் சதுரமாக்கித் தோசைக்கல்லில் சுடுவது மஸெம்மன். காலை உணவுக்குத் தேனோடு சாப்பிடுவார்கள். பரோட்டா மாஸ்டர்கள் பார்த்தால் “இது நம்ம ஐட்டம்” என்பார்கள். வித்தியாசம், உள்ளே இருக்கும் ரவையின் மொறுமொறுப்பு.

இதைச் சுட்டுக்கொண்டிருந்தபோது பாட்டியே அடுப்படிக்கு வந்துவிட்டார். முட்டை கிட்டை ஏதும் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றதும் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். நான் வாய் பிளந்து பார்த்ததற்கு அவர் சொன்ன பதில்:

“நம்ம பெருமாளே ரொட்டி அமுது செய்யறார். எனக்கென்ன?”

ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். அர்ச்சுன மண்டபத்தை ஒட்டித் துலுக்க நாச்சியார் சந்நிதி இருக்கிறது. அங்கே சிலை கிடையாது, சித்திரம்தான். அரங்கன் மேல் கொண்ட அன்பால் டெல்லியிலிருந்து தேடி வந்த சுல்தானின் மகள் என்பது ஐதீகம். அவள் நினைவாக ரொட்டியும் வெண்ணெயும் பெருமாளுக்கு நிவேதனம் ஆகின்றன. அரங்கன் கைலி உடுத்திக்கொள்வதும் அவளுக்காகத்தான் என்பார்கள்.

1323-ல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியது. உற்சவர் ஊரை விட்டுப் போய், 1371-ல்தான் திரும்பி வந்தார். அவ்வளவு இழப்பை நினைவில் வைத்திருக்கும் அதே ஊர், டெல்லிப் பெண்ணுக்கு ஒரு சந்நிதி கொடுத்து, ரொட்டிக்கும் மடப்பள்ளியில் இடம் கொடுத்தது. பாட்டி ஒரே வரியில் அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதினா டீ: ஆற்றுவதில் நாமும் மாஸ்டர்

சீனாவிலிருந்து வரும் உருட்டிய பச்சைத் தேயிலை, கைப்பிடி புதினா, தாராளமாகச் சர்க்கரை. உயரத்திலிருந்து சின்னக் கண்ணாடித் தம்ளரில் நுரை பொங்க ஊற்றுவார்கள். சத்திரம் பேருந்து நிலையத்து டீ மாஸ்டர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் பயிற்சி தேவையில்லை. சர்க்கரை அளவை மட்டும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

உப்பு எலுமிச்சை: 1340-களில் வந்த விருந்தாளி

மொராக்கோ சமையலின் உயிர் இதுதான். செய்முறை சுலபம். பத்து எலுமிச்சம்பழத்தை அடியில் விடாமல் நாலாகக் கீறி, உள்ளே கல் உப்பை அடைத்து, கண்ணாடி ஜாடியில் அமுக்கி, பழம் மூழ்கும்வரை எலுமிச்சைச் சாறு ஊற்றி மூட வேண்டும். ஒரு மாதம் கழித்து எடுத்து, கழுவி, தோலை மட்டும் நறுக்கிக் குழம்பிலோ சாலட்டிலோ சேர்க்கலாம். மிளகாய் இல்லை, எண்ணெய் இல்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் அளவோடு நிறுத்திக்கொள்ளவும்.

இந்த எலுமிச்சையைப் பற்றித் தேடும்போதுதான் இபின் பதூதா கண்ணில் பட்டார். மொராக்கோவின் டாஞ்சியரில் பிறந்து, 1325-ல் 21 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிய பயணி. டெல்லியில் முகமது பின் துக்ளக்கிடம் காஜியாக இருந்தார். இளவரசனாக இருந்தபோது 1323 படையெடுப்பை நடத்தியவர் அதே துக்ளக்தான். 1340-களில் இபின் பதூதா தமிழகக் கடற்கரைக்கு வந்து, மதுரை சுல்தானையும் சந்தித்தார். அந்தச் சமயத்தில் அரங்கன் ஸ்ரீரங்கத்தில் இல்லை.

கோதுமை ரொட்டி தின்று வளர்ந்த மனிதர். தென்னகத்திலும் இலங்கையிலும் மாலத்தீவிலும் மூன்று வருஷம் சோறு மட்டுமே சாப்பிட்டு, கடைசியில் தண்ணீர் குடித்துத்தான் அதை விழுங்க முடிந்தது என்று புலம்பியிருக்கிறார். ஹாஸ்டலில் மூன்று வேளையும் சப்பாத்தி தின்ற நம் பிள்ளைகளின் புலம்பலை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி!

ஆனால் ஒன்றைப் பார்த்ததும் அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. இந்தியாவில் மாங்காயை உப்பில் ஊறவைக்கிறார்கள், எங்கள் ஊரில் எலுமிச்சையை ஊறவைப்பதைப் போலவே என்று எழுதினார். இஞ்சியையும் மிளகுக் கொத்தையும் ஊறுகாய் போட்டு, ஒவ்வொரு கவளத்துக்கும் கொஞ்சம் தொட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் குறித்து வைத்தார்.

இதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். என் எலுமிச்சை ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“இது உப்பு நார்த்தங்காய்தானேடி. வெயில்ல வைக்காம விட்டுட்டா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொராக்கோக்காரர்கள் எலுமிச்சை ஊறப்போடுவதைப் பத்து வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். பக்கத்து அறையில் இருப்பவரிடம் நார்த்தங்காய் போடுவது எப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கடையில் வாங்கித் தரட்டுமா என்று தோழியின் அம்மாவிடம் கேட்டது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் காந்தி மார்க்கெட்டில் இரண்டு கிலோ நார்த்தங்காய் வாங்கினேன். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் நறுக்கினேன். அறுந்து போகாமல் சுருளாக வர வேண்டும், கொட்டையை எடுக்க வேண்டும், சுருளுக்குள் கல் உப்பை அடைக்க வேண்டும். தினம் ஒரு முறை குலுக்கி, தோல் இளகியதும் பகலில் வெயில், ராத்திரி மறுபடி ஜாடித் தண்ணீர். தண்ணீர் முழுக்க இழுத்துக்கொண்ட பிறகு நன்றாகக் காயும்வரை மொட்டை மாடி. முதல் மூன்று காய் என் கையில் துண்டு துண்டாகப் போனது. “பரவாயில்லை, துண்டும் ஊறும்” என்றார்.

இப்போது அடுப்படி அலமாரியில் இரண்டு ஜாடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் மொராக்கோ எலுமிச்சை, இன்னொன்றில் பாட்டியின் நார்த்தங்காய். மோர்க்குழம்பு அடுத்த பாடம் என்று சொல்லியிருக்கிறார்.

நீங்களும் இந்த வாரம் மொராக்கோ சமையல் ஒன்றை முயற்சி செய்யுங்கள். செய்யும்போது வீட்டுப் பெரியவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, “இது மாதிரி நம்ம வீட்டுல என்ன உண்டு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த ரமலானுக்குப் பாலக்கரையிலிருந்து கஞ்சி வரும். இந்த முறை தூக்குவாளியில் நார்த்தங்காய் போடுவது என் வேலை.