கடைசிப் பத்தி



நம் இதழுக்கு மாணவ வாசகர்கள் அனுப்பும் கட்டுரைகளைப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கண்மாய் ஆக்கிரமிப்பு, வைகையில் கலக்கும் சாக்கடை, குப்பை என்று நம் மதுரைப் பகுதியின் கவலைகளையே எழுதுகிறார்கள். வாதமும் உறுதியாக இருக்கிறது. ஆனால் ‘முடிவுரை’ என்ற உள்தலைப்பு வந்ததும் எல்லாக் கட்டுரைகளும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடுகின்றன: “எனவே கண்மாய்களைக் காப்போம், வளமாக வாழ்வோம்.” அதுவரை நம்மோடு மல்லுக்கட்டி வாதாடிய பிள்ளை அந்த இடத்தில் காணாமல் போய்விடுகிறது.

முன்னே சொன்னதையே சுருக்கிச் சொல்ல ஒரு பத்தி எதற்கு? நம் வாதத்தை ஏற்றுக்கொண்டவர் மனத்திலும் கடைசியாக ஓர் ‘ஆனால்’ மிச்சமிருக்கும். அதற்குப் பதில் சொல்லி, அவரால் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் காட்டுவதே முடிவுரையின் வேலை.

இதற்கு மதுரையிலேயே பெரிய சான்று உண்டு. அந்நியத் துணியை விட்டுக் கதர் உடுத்துங்கள் என்று காந்தியடிகள் நாடெங்கும் பேசிவந்த காலம். 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தபோது, உடன் பயணம் செய்தவர்களிடமும் அதையே சொன்னார். கதர் வாங்க எங்களிடம் வசதி இல்லையே என்றார்கள் அவர்கள். நியாயமான ‘ஆனால்’ அது. இன்னொரு சொற்பொழிவால் அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், சட்டையையும் தொப்பியையும் விட்டு இடுப்பில் ஒற்றைத் துணிக்கு மாறினார். முழு உடைக்கு வழியில்லாதவருக்கு இவ்வளவு போதும் என்பதைத் தன் உடம்பிலேயே காட்டிவிட்டார். அந்தக் கோலத்தில் அவர் மக்கள்முன் தோன்றிய இடத்தைக் காந்தி பொட்டல் என்று இன்றும் சொல்கிறோம். 1931-இல் லண்டனில் மன்னரைச் சந்திக்கப் போனபோதும் அந்த உடை மாறவில்லை.

மறுப்பை மதித்தார், எளியவராலும் முடிந்ததையே கேட்டார், அதையும் முதலில் தானே செய்தார். நல்ல முடிவுரைக்கு இந்த மூன்றும் வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் வழக்கையும் நினைத்துப் பாருங்கள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். தங்களுடையது முத்து என்று பாண்டியனும் தன் வாயால் சொன்னான். அதற்குப் பிறகுதான் அவள் சிலம்பை உடைத்தாள்; மாணிக்கம் தெறித்தது. முடிவில் தெறிப்பது முன்பே உள்ளே இருந்ததாக இருக்க வேண்டும். நடுவில் பேசாத ஒன்றைக் கடைசியில் திடீரென்று கொண்டுவந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கண்மாய்க் கட்டுரைக்கு வருவோம். ‘நான் ஒருத்தன் என்ன செய்துவிட முடியும்?’ என்பதே படிப்பவருக்கு மிஞ்சும் கேள்வி. அதற்கு இப்படிப் பதில் எழுதலாம்: “அக்டோபர் 2 அன்று எங்கள் ஊரில் கிராமசபை கூடும். கண்மாயை அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்று தீர்மானம் கேட்டு மனு எழுதிவிட்டேன். அதை அப்பாவும் அம்மாவும் கொடுக்கப் போகிறார்கள். நீங்களும் வந்து கையெழுத்துப் போடுங்கள்.” என்றைக்கு, எங்கே, யார், என்ன என்பதெல்லாம் இதில் தெளிவாக இருக்கின்றன. படிப்பவர் வரலாம், வராமலும் இருக்கலாம். எப்படியும் அவர் ஒரு முடிவெடுத்தாக வேண்டும்.

இளைய நண்பர்களிடம் நான் கேட்பதும் ஒன்றுதான். கட்டுரையை அனுப்புமுன் கடைசிப் பத்தியைத் தனியே படித்துப் பாருங்கள். வேறு எந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும் என்றால் அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். மதிப்பெண் குறையுமோ என்று தயங்க வேண்டாம். ‘முடிவுரை’ என்ற உள்தலைப்பு அப்படியே இருக்கட்டும். அதன்கீழ் வரும் நான்கு வரிகள் உங்களுடையவையாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்