தராசுக்குத் தெரியாத கதை

போன நோன்புப் பெருநாளைக்கு வீடு துப்புரவாக்கியபோது எங்கள் பித்தளைப் படிக்கம் பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. நிறுத்துத்தான் வாங்கினார். உம்மம்மாவின் கலியாணத்துக்கு வந்த படிக்கம் அது என்பது தராசுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த மாதம் ஹந்தானை தேயிலை நூதனசாலைக்குச் சுற்றுலா போனோம். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை, 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அங்கே கொழுந்து அரைத்த பெரிய இயந்திரங்களைப் பார்த்தோம். நம் பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுகளையும் பார்த்தோம். துரையின் கதை பத்திரமாக இருக்கிறது. கொழுந்து எடுத்த பெண்ணின் கதை?

அதற்காகத்தான் 2007இல் கம்பளைக்கு அருகே ஒரு தோட்டத்தின் பழைய லயத்திலேயே தொழிலாளருக்கென்று நூதனசாலை அமைத்தார்கள். கவ்வாத்துக் கத்தி, பானை சட்டி, பழைய ஆவணங்கள் என்று அங்கிருப்பவை தொழிலாளர் குடும்பங்கள் புழங்கியவை. வீடுகள் மனம் வைக்காவிட்டால் இப்படி ஒரு நூதனசாலை உருவாகாது.

அமெரிக்காவிலும் இப்படி நடந்திருக்கிறது. திருமணம் செய்யாமல் கூட்டாக வாழ்ந்த ஷேக்கர் என்ற கிறிஸ்தவச் சமூகம் அருகி வந்த காலத்தில், ஜோன் வில்லியம்ஸ் என்ற தனிமனிதர் அவர்களுடைய கருவிகளையும் தளபாடங்களையும் தேடிச் சேர்த்தார். 1950இல் அவை நியூயோர்க் மாநிலத்தில் நூதனசாலை ஆயின. அவர் அவர்களிடமே நேரில் போய் வாங்கியதால், எது யாருடைய கைவேலை என்று கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

சேகரிப்பாளரை நாம் பழைய சாமான் பைத்தியம் என்று கேலி செய்கிறோம். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஆனால் பொருளைச் சேர்ப்பது பாதி வேலைதான். எந்த ஊர், யார் வீடு, எதற்குப் பாவித்தது என்ற விபரம் இல்லாத படிக்கம் கண்ணாடிக்குள் இருந்தாலும் வெறும் பித்தளைதான்.

"கொடுத்தால் திரும்பி வருமா?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயம். பொருள் வீட்டிலேயே இருக்கட்டும். தெல்தோட்டை வீடுகளில் என்ன இருக்கிறது என்று படம் எடுத்து, விபரம் கேட்டு, ஒரு பதிவேட்டில் எழுதுவதை நம் தமிழ் மன்றம் இந்தத் தவணையிலேயே தொடங்கலாம். நாளை ஒரு நூதனசாலை வந்தால், இரவலாகத் தருபவர் பெயரோடு தரலாம்.

உம்மம்மாவின் பெட்டகத்தில் ஓர் அறபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. அதை யாருக்கும் தரமாட்டாராம். யார் எழுதியது என்று மட்டும் கேட்டேன். அவருடைய மூத்தம்மாவாம். கொப்பியில் எழுதிக்கொண்டேன்.