அலையாத்திக்கு ஆற்றுநீர்

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியில் ஐந்து சுரபுன்னை நாற்றுகளை ஊன்றினேன். தாய்மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் தொங்கிப் பின் சேற்றில் விழுகிற அலையாத்தி இனம் அது. கடல்மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் தம்மிடம் மிஞ்சியவற்றைக் கொடுத்தார். நீரில் சேரும் மீன்கழிவை அவை உறிஞ்சிவிடும் என்று நம்பினேன். ஆண்டுக்குச் சில இலைகளே விடும் செடியிடம் அதை எதிர்பார்த்தது என் பேராசை.

முதல் கோடையில் தொட்டி நீர் வற்றக் குறைந்தபோதெல்லாம் உப்புநீரையே கலந்து ஊற்றினேன். ஆவியாவது நீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்க வேண்டிய உப்பு வாரந்தோறும் ஏறியது. இலைகள் ஓரம் கருகின. மூன்று நாற்றுகள் பட்டுப்போயின. அதன்பின் நாள்தோறும் நன்னீர் ஊற்றத் தொடங்கினேன். எஞ்சிய இரண்டும் பிழைத்தன.

பிச்சாவரத்தில் பெரிய அளவில் நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் முதல் கூறுகூறாக மொட்டையடித்து வெட்டப்பட்ட இடங்களில் தரை தாழ்ந்து பள்ளமானது. ஓதத்தில் புகுந்த நீர் வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மண்ணில் விட்டுச் சென்றது. விழுந்த விதைகள் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடு சேர்ந்து அங்கே முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டியது. ஓதநீர் தடையின்றி வந்துபோகத் தொடங்கிய பிறகே நாற்று நட்டது. கரையோரம் மீண்டும் பசுமையானது. 2004 ஆழிப்பேரலையின்போது பிச்சாவரம் காட்டுக்குப் பின்னிருந்த ஊர்கள் பெற்ற பாதுகாப்பை நாம் அறிவோம்.

2023-24 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'மிஷ்டி' திட்டம், ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்திக் காடுகளை வளர்க்க முனைகிறது. 2021 வன நிலை அறிக்கையின்படி நாட்டின் அலையாத்திப் பரப்பு 4,992 சதுர கிலோமீட்டர்தான். வரவேற்க வேண்டிய இலக்கு. ஆனால், நட்ட நாற்றுகளின் எண்ணிக்கையே சாதனையாக அறிவிக்கப்படும் நம் வழக்கம் என்னை அஞ்ச வைக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் நாற்று நட்ட 23 இடங்களைப் பார்வையிட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. அவற்றுள் 9 இடங்களில் ஒரு செடிகூட எஞ்சவில்லை. பிலிப்பைன்ஸிலும் பெரும்பாலான நாற்றுகள் மடிந்தன. அங்கே செடிக்கு உகந்த நிலங்கள் இறால், மீன் குட்டைகளாகிவிட்டன; உரிமைகோர ஆளில்லாத தாழ்ந்த சேற்றுவெளிகளே நடவுக்குக் கிடைத்தன.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிச்சாவரம் வெள்ளாறும் கொள்ளிடமும் கடல்சேரும் இடங்களுக்கு நடுவே கிடக்கிறது. 2018-இல் கஜா புயல் சிதைத்த முத்துப்பேட்டைக் காடு காவிரிப் படுகையின் கடைமடையில் இருக்கிறது. இரண்டுக்கும் உப்பைத் தணிக்கும் நன்னீர் ஆறுகளிலிருந்தே வர வேண்டும். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போதெல்லாம் 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்கிறோம். வேளாண்மைக்கு நீர் போதாத மாநிலத்தில் அந்த ஆதங்கம் பொய்யன்று. எனினும், கடைமடைக்கும் அப்பால் ஒரு பாசனம் இருக்கிறது. அதற்கான பங்கை எந்த நீர்ப்பங்கீட்டுப் பேச்சிலும் நான் கேட்டதில்லை.

ஆகவே, வனத்துறை ஒவ்வொரு நடவிடத்திலும் மூன்று ஆண்டுகளுக்குப் பின் எஞ்சிய செடிகளின் எண்ணிக்கையையும், கோடையில் அம்மண்ணின் உப்பளவையும் பொதுவெளியில் வைக்க வேண்டும். வாய்க்கால்களைத் தூர்வார ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும். வண்டல் சேர்ந்து அவை அடைபட்டால் பள்ளத்தில் மறுபடி நீர் தேங்கும். நடவு விழாவுக்குக் கிடைக்கும் நிதி தூர்வாருவதற்குக் கிடைப்பது கடினம்.